கடைசித் தேதிக்கு முன்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் எங்கள் சங்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போகும். எந்த ஊரில் என்ன கருத்தரங்கு, யார் உதவித்தொகை கொடுக்கிறார்கள், எந்த இதழ் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்கிறது, எங்கே வேலை காலி, யாருடைய புத்தகம் வந்திருக்கிறது, யார் காலமானார் என்று நாலைந்து பக்கம். கல்லூரியில் மெய்யியல் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே அதைத் தொகுக்கும் வேலை என் கைக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்று மண்டகப்பட்டுக்கு வந்த பிறகும் தொடர்கிறேன். சங்கம் சிறியது. அறிவியலின் மெய்யியலில் ஈடுபாடு கொண்ட கல்லூரி ஆசிரியர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், இயற்பியலும் கணிதமும் நடத்தும் சில பள்ளி ஆசிரியர்கள். சந்தா வாங்குகிறோம், ஆண்டுக்கு ஒரு கூட்டம் போடுகிறோம். கூட்டத்துக்கு வர முடியாத பலருக்குச் சங்கம் என்பதே இந்தச் சுற்றறிக்கைதான்.

அறிவியலின் மெய்யியல் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்கிறார், அதை எந்த அடிப்படையில் நம்புகிறோம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்பது எங்கள் வேலை. கணித்தது பலித்துவிட்டால் கொள்கை உண்மையாகிவிடுமா? ஒரே சான்றுக்கு இரண்டு விளக்கம் பொருந்தினால் எதை எடுப்பது? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு உலகெங்கும் சங்கங்கள் இயங்குகின்றன. அமெரிக்கச் சங்கம் 1933இல் தொடங்கி, மறு ஆண்டே இதழ் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1948இல் அறிவியல் வரலாற்றுச் சங்கத்துக்குள் ஒரு குழுவாகத் தொடங்கி, பிறகு தனிச் சங்கமானார்கள். அவர்களுடைய இதழ் 1950இலிருந்து வருகிறது. உலக மாநாடு 1960இல் ஸ்டான்ஃபோர்டில் முதலில் கூடியது. 2019இல் பிராகாவிலும் 2023இல் புவெனஸ் ஐரிஸிலும் நடந்தது. இந்தியாவில் மெய்யியல் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் மத்திய அமைப்பு, சுருக்கமாக ஐ.சி.பி.ஆர்., 1977இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டி.பி. சட்டோபாத்யாயா பின்னாளில் இந்திய அறிவியல், மெய்யியல், பண்பாட்டு வரலாற்றைப் பல தொகுதிகளாகக் கொண்டுவரும் பெருந்திட்டத்தை நடத்தினார். ஆக, வாய்ப்புக்குக் குறைவில்லை. அவற்றைப் பற்றிய அறிவிப்புகளும் குவிகின்றன. ஆனால் விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் ஒரு மாணவர் அவற்றைப் படித்துவிட்டு, இது வேறு யாருக்கோ என்று மூடி வைத்துவிடுகிறார். இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட தொழில் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வந்த அறிவிப்பை அப்படியே அனுப்புவதை நான் வெகுகாலத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் திரும்ப எழுதுகிறேன்.

எழுதும்போது தகுதி முதலில் வரும். நடத்துபவர்கள் தங்கள் நிறுவனத்தின் பெருமையில் ஆரம்பித்து, தலைப்பை விளக்கி, அழைக்கப்பட்ட பேச்சாளர்களின் பெயரைப் போட்டு, கடைசியில்தான் யார் விண்ணப்பிக்கலாம் என்பார்கள். நான் தலைகீழாக்குவேன். முனைவர் பட்டம் முடித்து ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைப்பேற்றுக்கோ, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவோ இடையில் நின்றவர்களுக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் வராது என்ற விலக்கும் பல இடங்களில் இருக்கும், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில். எங்கள் உறுப்பினர்களில் திருமணத்துக்குப் பிறகு ஆய்வை விட்டுத் திரும்பி வந்த பெண்கள் பலர். அவர்களுக்காகவே அந்த விலக்கைத் தூக்கி முதல் வரியில் வைப்பேன். யு.ஜி.சி. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலைக்குப் போனால் 42,000. இதெல்லாம் தெரியாதவர்கள் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். வயது தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அதற்கான தேர்வையே எழுதாமல் இருந்த பெண்கள் என் மாணவிகளிலேயே உண்டு. மெய்யியலுக்கு அந்தத் தேர்வில் பாட எண் 03. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ஒரு தமிழ்வழி மாணவர் தன் பாடத்தை எவ்வளவு ஆழமாகத் தெரிந்திருந்தாலும் அந்த இரண்டு மொழியில் ஒன்றில்தான் அதைக் காட்டியாக வேண்டும். இது அநியாயம் என்று ஒவ்வொரு முறை தேர்வு அறிவிப்பு போடும்போதும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

அடுத்து பணம். பயணச் செலவு வழங்கப்படும் என்று போட்டிருந்தால், அதற்கு எப்போது என்ற கேள்வி உண்டு. பெரும்பாலும் போய்வந்த பிறகு, ரசீதையும் போர்டிங் பாஸையும் அனுப்பிய பிறகுதான் பணம் வரும். விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாவற்றையும் முதலில் கையிலிருந்து போட வேண்டும். சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு அது சிரமம். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையைப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது முடியாத காரியம். ஆகவே நடத்துபவர்களுக்கே எழுதிக் கேட்கிறேன்: டிக்கெட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமா, தங்குமிடத்துக்கு முன்பணம் கேட்பீர்களா என்று. பல இடங்களில் முடியும் என்று பதில் வரும். யாரும் கேட்காததால் அறிவிப்பில் போடாமல் விட்டிருப்பார்கள். பதில் வந்ததும் அதையும் சேர்த்து அனுப்புவேன்.

தேதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சர்வதேச மாநாடுகளில் கடைசி நாள் என்று போட்டு, பூமியில் எங்கிருந்தாலும் அந்த நாள் முடியும்வரை என்று குறித்திருப்பார்கள். உலகத்தில் கடைசியாக நாள் முடியும் நேர மண்டலத்தை வைத்து அந்தக் கணக்கு. நம் கடிகாரத்தில் அது மறுநாள் மாலை ஐந்தரை மணி. லண்டன் நள்ளிரவு என்றால் கோடையில் நமக்கு விடிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. இந்திய நேரத்தைப் போட்டுவிட்டால் ஒரு குழப்பம் தீரும். அதோடு பரிந்துரைக் கடிதங்களுக்கு இன்னொரு தேதி போடுகிறேன், உண்மையான கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்னால். இரண்டு பேராசிரியர்கள் தனித்தனியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். அதில் ஒருவர் விடைத்தாள் திருத்தப் போயிருப்பார், மற்றவர் பேரன் காதுகுத்துக்குப் போயிருப்பார். மாணவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். சுற்றறிக்கையில் தேதி இருந்தால், அதைக் காட்டியே அவர்கள் கேட்டுவிடலாம்.

போலி மாநாடுகளைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பெயரில் சர்வதேசம் இருக்கும். நட்சத்திர ஓட்டலில் நடக்கும். மெய்யியல், மேலாண்மை, மருந்தியல், மீன்வளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சுருக்கம் அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வரும், கூடவே கட்டணப் பட்டியலும் வரும். பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் அமைப்புதான் இவற்றை வளர்த்துவிட்டது. 2018இல் யு.ஜி.சி. தரமான இதழ்களுக்கென்று கேர் பட்டியலை அறிவித்தது; 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டது. இனி எந்த இதழ் நல்லது என்று அந்தந்த நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். சின்னக் கல்லூரிகளில் அதைச் சொல்ல ஆள் யார்? நான் பார்ப்பது சில எளிய விஷயங்களை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் இந்தத் துறையில் எழுதியவர்களா? கட்டுரை மதிப்பீட்டுக்கு மாதக் கணக்கில் ஆகும் என்று ஒளிக்காமல் சொல்கிறார்களா? நிராகரித்த கட்டுரைக்கும் மதிப்பீட்டாளரின் குறிப்பு வருகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் போடுவேன். ஐயம் இருந்தால் போட மாட்டேன். ஏன் போடவில்லை என்று உறுப்பினர் கேட்டால் காரணம் சொல்வேன். காசில்லாமல் நல்லதைப் படிக்க வழி இருக்கிறது என்பதையும் விடாமல் சொல்லிவருகிறேன்: பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்தும் கட்டுரைக் களஞ்சியம் யாரும் படிக்கலாம், ஸ்டான்ஃபோர்டின் மெய்யியல் கலைக்களஞ்சியமும் அப்படியே. செஞ்சி அரசு நூலகத்துக் கணினியில் உட்கார்ந்துகூட அவற்றைப் படித்துவிட முடியும்.

மண்டகப்பட்டில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்வதால் எனக்கு ஒரு லாபம் உண்டு. விழுப்புரம் – செஞ்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. பெரிய பாறை, முகப்பில் தூண்கள், இரு ஓரத்திலும் கதையோடு நிற்கும் வாயிற்காவலர், உள்ளே மூன்று வெற்றுக் கருவறைகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) எடுத்த கோயில் என்று அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. பாடப்புத்தகங்கள் இதைத் தமிழகத்தின் முதல் குடைவரை என்கின்றன. கல்வெட்டில் முதல் என்ற பேச்சே கிடையாது. நான்கு பொருளைப் பெயர் சொல்லி மறுத்திருப்பதால், இது அதுவரை இல்லாத புதுமை என்று அரசன் நினைத்திருக்கிறான் என்று ஊகிக்கிறோம். பிறகு அந்த ஊகம் தமிழகம் முழுமைக்கும் விரிகிறது. பிள்ளையார்பட்டிக் குடைவரையின் கல்வெட்டை எழுத்தமைதியை வைத்து இதைவிடப் பழையது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அரசனின் பெருமிதத்திலிருந்து காலவரிசைக்குப் போகும் வழியில் எத்தனை படி இருக்கிறது, ஒவ்வொரு படியும் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கு மாணவர்களை நான் வெளிநாட்டு உதாரணத்துக்கு அழைத்துப் போவதில்லை. குகைக்கு அழைத்துப் போகிறேன்.

இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்தவர் மைக்கேல் லாக்வுட். அதே கல்லூரியில் புள்ளியியல் துறையில் கிஃப்ட் சிரோமணி, தாவரவியலில் பி. தயானந்தன். மூவரும் சேர்ந்து பல்லவர் கலையை ஆராய்ந்தார்கள். 1974இல் மாமல்லபுரம் பற்றி அவர்களுடைய கட்டுரைத் தொகுப்பு வந்தது. சிற்பங்களின் ஆடையும் அணியும் காலத்தோடு எப்படி மாறுகின்றன என்று கணக்கெடுத்துக் காலவரிசை காணும் முயற்சியைச் சிரோமணி செய்தார். அதே ஆண்டுகளில் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலங்களைக் கணினியியலின் மொழி இலக்கணமாக எழுதிக் காட்டியவரும் அவர்தான். வாயிற்காவலர் பற்றி அவர்கள் வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பல்லவர் குகைகளில் சில காவலர்களுக்குத் தலையில் கொம்பு முளைத்ததுபோல் இருக்கும். கொம்பன்று, தலைக்குப் பின்னால் நிற்கும் சூலத்தின் பக்க முனைகள் என்றார்கள். காவலர்கள் சிவனுடைய ஆயுதங்கள் ஆளுருவம் எடுத்தவர்கள். ஒருவர் சூலம், மற்றவர் மழு. அப்படியானால் கொம்புள்ளவருக்கு எதிரே நிற்பவரின் தலையில் மழுவின் விளிம்பு தெரிய வேண்டும். இந்த வாதத்தின் அழகு அங்கேதான். எங்கே போய் எதைப் பார்த்தால் இது பொய்க்கும் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. எங்கள் மாணவர்கள் தளவானூர், சீயமங்கலம், வல்லம் என்று போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார்கள். மூன்று துறை ஆசிரியர்கள் ஒரே வராந்தாவில் நின்று பேசியதால் விளைந்த ஆராய்ச்சி அது. சங்கம் என்று ஒன்று எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

பக்கத்திலேயே நல்ல கேள்விகள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மாதம் ஒரு உள்ளூர்க் கேள்வி போட ஆரம்பித்தேன். அப்படி ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் ஒரு பெண் எழுதினாள். செஞ்சிக்கு அப்பால் மேல்மலையனூர்ப் பக்கம் ஊர். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.ஏ. மெய்யியலுக்கு வந்தவள். வள்ளுவர் குடும்பம், தாத்தா ஊருக்கு நாள் பார்த்துச் சொல்பவர். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பழைய வாக்கியங்களின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம்தான் பார்ப்பாராம். கிரகணத்துக்கு மட்டும் இன்றைய வானியல் கணக்குப்படி திருத்திய திருக்கணிதம். ஏன் அப்படி என்று அவள் கேட்டிருக்கிறாள். கிரகணம் ஊரே பார்க்குமே, தப்பினால் தெரிந்துவிடுமே என்றாராம்.

நான் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணிப்பும் விளக்கமும் என்ற தலைப்பில் வேறு மாநிலத்தில் நடக்கவிருந்த ஒரு பயிலரங்குக்கான அறிவிப்பு அந்த மாதம் என் மேசையில் இருந்தது. சுற்றறிக்கை போகும்வரை பொறுக்காமல் போன் செய்தேன்.

“சார், தாத்தா சொன்னதப் போயி மாநாட்டுல பேச முடியுமா?”

“தாத்தா சொன்னத மட்டும் சொன்னா அது தகவல். அதுலேர்ந்து நீ என்ன கேக்கறன்னு எழுதும்மா.”

முதலில் எழுதி அனுப்பியதில் பாதிக்கு மேல் மேலைநாட்டு அறிஞர்களின் வரையறைகள். தாத்தா கடைசிப் பத்தியில் இருந்தார். மாணவர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். ஐந்நூறு சொல் சுருக்கத்தில் மதிப்பீட்டாளர் முதல் மூன்று வரியில் கேள்வியைத் தேடுவார். கேள்வி அங்கே இருக்க வேண்டும். பிழை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் ஒரு சமூகம் தன் கணிப்பு முறையை மாற்றிக்கொண்டால், மற்ற இடங்களில் பழைய முறையை அது எந்த அடிப்படையில் நம்புகிறது? இதை முதல் வரியாக்கினோம். பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டோம். யார் எழுதியது என்று தெரியாமல்தான் மதிப்பிடுவார்கள்.

சான்றுக்கு நாங்கள் போனது புதுச்சேரிக்கு. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தி 1769இல் மேகத்தால் அதைத் தவறவிட்டார். ஆனால் அங்கே தங்கியிருந்த நாளில் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயர் அட்டவணை 68 விநாடி அதிகமாகவும் சொன்னதைப் பதிவு செய்தார். பிறகு 1825இல் சென்னையில் வெளியான காலசங்கலித நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்ததை எழுதினார். அந்த 1825 கிரகணத்தில் தொடக்கத்துக்கு 4 நிமிடம், நடுவுக்கு 23 நிமிடம், முடிவுக்கு 52 நிமிடம் பிழை வந்தது. அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்கிறார் வாரன். இதையெல்லாம் 1952இல் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஆட்டோ நாய்கெபவர் கட்டுரையாக்கினார். கோட்பாடு தெரியாமலே கணிப்பு வருகிறது என்றால், அறிவு யாரிடம் இருக்கிறது? சோழி வைத்தவரிடமா, வாக்கியத்தைக் கட்டிய பழைய ஆளிடமா? அறிவியலுக்குப் புலப்படும் நிகழ்வோடு ஒத்துப்போவதே போதுமான இலக்கு என்று வாதிட்டவர் பாஸ் வான் ஃபிராசன். அந்த வாதத்தை முன்வைத்த நூலுக்காக 1986இல் முதல் லகாட்டோஸ் விருதைப் பகிர்ந்துகொண்டவர். அந்த வாதத்தை மேல்மலையனூர்ப் பக்கத்துப் பஞ்சாங்கத்தோடு மோதவிட்டாள் அந்தப் பெண். தாத்தாவுடைய தெரிவு அந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறதா, ஓட்டை போடுகிறதா என்று அவளும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. திதிக்கும் பிழை உண்டு, அதைக் காணும் வழிதான் ஊருக்கு இல்லை என்பது அவள் கட்சி. சடங்குக்கு நாள் குறிப்பது கணிப்பே இல்லை, ஊரார் செய்துகொள்ளும் உடன்பாடு என்பது என் கட்சி.

சுருக்கம் ஏற்கப்பட்டது. பயணப்படி பிறகு வரும் என்றார்கள்; முன்னால் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சங்கத்துச் செயற்குழுவில் முன்பணத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்க வைத்தேன். எதிர்ப்பு இருந்தது, திரும்ப வராவிட்டால் என்ன செய்வது என்றார்கள். வராவிட்டால் நம் சந்தாவில் ஒரு மாணவர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார் என்று எழுதிக்கொள்வோம் என்றேன். டிக்கெட்டுக்குக் கொடுப்போம், படி வந்ததும் வாங்கிக்கொள்வோம் என்று முடிவாயிற்று. அவள் திருப்பிக் கொடுத்த பணம் அடுத்து ஒரு பள்ளி ஆசிரியருக்குப் போனது. இன்றுவரை அந்தத் தொகை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து இந்தப் பக்கம் பஸ் கூட்டம் கூடியிருக்கிறது. வரலாறு, தொல்லியல், சுற்றுலா என்று அறிவிப்புகளும் கூடியிருக்கின்றன. மரபுச் சின்னத்துக்கு எது சான்று, பழமையை எப்படி நிறுவுகிறோம் என்று கேட்க எங்கள் ஆட்களுக்கும் அங்கே இடம் உண்டு என்று ஒவ்வொன்றிலும் குறிப்பு வைத்து அனுப்புகிறேன்.

எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு இப்போது சுருக்கங்களைத் தமிழிலும் வாங்குகிறோம். முதலில் தயங்கினார்கள், தரம் குறையும் என்று. வந்து சேர்ந்த தமிழ்ச் சுருக்கங்களில் வரையறைகள் குறைவாகவும் கேள்விகள் அதிகமாகவும் இருந்ததைக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு நின்றது. ஐந்நூறு சொல், பெயர் தனித்தாளில். பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குப் பஸ் செலவை வந்து இறங்கியதும் கையில் கொடுக்கிறோம்.